நடுக்கட்டை இல்லாத சுருதி

இந்தியாவின் நடுத்தர வர்க்க வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடப்பவற்றைக் கணக்கெடுத்தால், பழைய சூட்கேஸ், கேரம் போர்டு இவற்றோடு பல வீடுகளில் ஒரு கீபோர்டும் அகப்படும். ஜப்பானின் கேசியோ நிறுவனம் தனது முதல் எலெக்ட்ரானிக் கீபோர்டை 1980இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பியானோ வைக்க இடமும் இல்லை, பணமும் இல்லை என்றிருந்த குடும்பங்களுக்கு அது வரப்பிரசாதம். தொண்ணூறுகளில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனதைப் போலவே கீபோர்டு வகுப்புக்கும் போனார்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வில் முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு தேறினார்கள். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் போயிற்று. பத்தாம் வகுப்பு வந்ததும் கீபோர்டு பெட்டிக்குள் போயிற்று. பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

நாக்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் அப்படிக் கிடந்த பெட்டி ஒன்று 2020 ஏப்ரல் மாதம் வெளியே வந்தது. நாடு முழுவதும் ஊரடங்கு. ரயில்வே கணக்குப் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து முந்தைய ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்த அந்தத் தமிழருக்குக் காலை நடைகூட இல்லை. தினசரிப் பத்திரிகை வருவதும் நின்றிருந்தது. மகள் புனேயில். வீட்டில் அவரும் மனைவியும்தான். மகள் எட்டாம் வகுப்பில் வாசித்த 61 கட்டை கீபோர்டு. அடாப்டரைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அதுவே அவருக்குப் பெரிய ஆச்சரியம்.

இசையில் அவருடைய தகுதி, கச்சேரியில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து தாளத்தைத் தப்பாகப் போடுவது வரைதான். ஆனால் கணக்கு தெரியும். மேற்கத்திய இசையின் அரிச்சுவடி கணக்குத்தான் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. மகளுடைய பழைய பாடப் புத்தகத்தில் ஸ்கேல் என்று எழுதியிருந்ததை அவர் பேரேட்டில் பதிவது போல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். முழு, முழு, அரை. முழு, முழு, முழு, அரை. சி என்ற வெள்ளைக் கட்டையில் தொடங்கி இந்த இடைவெளியில் நடந்தால் எல்லாமே வெள்ளைக் கட்டை. அது சி மேஜர். ஜி-யில் தொடங்கி அதே இடைவெளியில் நடந்தால் வழியில் ஒரு கறுப்புக் கட்டை வரும். டி-யில் தொடங்கினால் இரண்டு. விதி ஒன்று, தொடங்கும் இடம்தான் வேறு. ரயில்வே விதிப் புத்தகத்தைவிட இது எவ்வளவோ தேவலை என்பது அவர் தீர்ப்பு.

விரல்கள் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. கட்டைகள் எட்டு, விரல்கள் ஐந்து. ஆகவே வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மூன்று கட்டை போனதும் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து நான்காவது கட்டையைப் பிடிக்க வேண்டும். குழந்தைகளுக்கு இது ஒரு வாரத்தில் வரும். 61 வயதுக் கைக்கு ஒரு மாதம் ஆயிற்று. இதில் மோதிர விரல் இருக்கிறதே, அது தனி வில்லங்கம். புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு பின்னியிருப்பதால் அதை மட்டும் தனியாகத் தூக்க யாராலும் எளிதில் முடியாது. அது தெரியாமல் பலர் தங்களுக்கு விரல் வராது என்று விட்டுவிடுகிறார்கள். அவர் விடவில்லை. காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம். காதில் ஹெட்போன். வீட்டில் கேட்டதெல்லாம் பிளாஸ்டிக் கட்டைகள் எழுந்து இறங்கும் டக் டக் சத்தம் மட்டுமே.

ஹெட்போன் அக்கம்பக்கத்தாருக்காக என்றுதான் அவர் சொல்லிக்கொண்டார். உண்மையில் அது சமையலறைக்காக.

அவருடைய மனைவி ஒரு காலத்தில் பாடியவர். கும்பகோணத்தில் எட்டு வருஷம் முறையாகப் பாட்டு கற்றவர். ஐந்து கட்டை சுருதி. கல்யாணம் ஆகி கரக்பூருக்கு வந்தபோது கூடவே ஒரு தம்புராவும் வந்தது. அங்கிருந்து பிலாஸ்பூர், பிறகு நாக்பூர். மாற்றல் உத்தரவில் மனைவியின் பாட்டுக்கு என்று எந்தப் பத்தியும் இருப்பதில்லை. பிலாஸ்பூரில் சாமான்களை இறக்கியபோது தம்புராவின் குடத்தில் விரிசல். பழுது பார்க்க ஆள் தஞ்சாவூரில்தான். பிறகு பார்க்கலாம் என்றார் அவர். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. இருந்தாலும் நவராத்திரிக்கு நவராத்திரி, தமிழ்ச் சங்கத்தில், பூஜை அறையில் அந்த அம்மாள் பாடிக்கொண்டுதான் இருந்தார். 2011இல் தைராய்டு கட்டிக்காக ஓர் அறுவை சிகிச்சை. கட்டி சாதாரணக் கட்டிதான், உயிருக்குப் பயமில்லை. தைராய்டு சுரப்பியின் மேல் முனையை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு போகிறது. குரல் நாண்களை இழுத்து முறுக்கும் தசைக்கு உத்தரவு அதன் வழியாகத்தான். அது சற்றே பலவீனப்பட்டாலும் பேச்சில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் மேல் ஸ்தாயி எட்டாது. அந்த அம்மாளுக்கு அதுதான் நடந்தது. பால்காரரோடும் பக்கத்து வீட்டாரோடும் எப்போதும் போலப் பேசினார். பாட்டு மட்டும் நின்றது. ஒன்பது ஆண்டுகள் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் நாசூக்காக நடந்துகொண்டார்கள். நாசூக்கு சில சமயம் மறதியைவிட மோசமானது.

ஸ்கேலுக்கு அடுத்த படி கார்ட். ஒரு கட்டையை அழுத்தி, ஒன்றை விட்டு அடுத்ததையும், மறுபடி ஒன்றை விட்டு அடுத்ததையும் சேர்த்து அழுத்தினால் மூன்று ஸ்வரங்களின் கூட்டு. சி, ஈ, ஜி சேர்ந்தால் சி மேஜர். இதே ஸ்கேலில் எஃப் மேஜரும் ஜி மேஜரும் கிடைக்கும். இந்த மூன்றை வைத்துக்கொண்டு உலகத்தில் பாதிப் பாட்டுகளுக்கு வாசித்துவிடலாம் என்று வாத்தியார்கள் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ‘ஹேப்பி பர்த்டே’க்கு அவை போதும். நான்காவதாக ஏ மைனரையும் சேர்த்துக்கொண்டால் எத்தனையோ சினிமாப் பாட்டுகள் வசப்படும். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்பது அடுத்த ரகசியம். சி மேஜரில் இருக்கும் சுண்டுவிரலை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒரு கட்டை மேலே நகர்த்தினால் எஃப் மேஜர். எது மாறாதோ அதை விடாமல் பிடித்துக்கொள். மாறுவதை மட்டும் மாற்று. இடது கை கற்றுக்கொள்ளும் பாடம் இவ்வளவுதான்.

சினிமாப் பாட்டுகளுக்குக் கார்ட் பொருந்துவது தற்செயல் அல்ல. மெட்டு எந்த ராகத்தில் பிறந்தாலும், அதற்குப் பின்னால் கார்ட் அறிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து தேவாலயப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு கற்றுக்கொடுத்தார்கள். அங்கே படித்தவர்கள் பம்பாய் ஸ்டுடியோக்களுக்கு வந்தார்கள். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக்காட்ட, வயலினுக்கு இது, செல்லோவுக்கு இது என்று எழுதிக்கொடுத்தவர்களில் செபாஸ்டியன் டிசூசாவும் அந்தோணி கொன்சால்வஸும் முக்கியமானவர்கள். 1961இல் வந்த ‘சாயா’ இந்திப் படத்தில் சலீல் சௌத்ரி மோசார்ட்டின் 40ஆவது சிம்பனியின் தொடக்கத்தையே எடுத்து டூயட் ஆக்கினார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேற்கத்திய இசை இலக்கணமும் படித்தவர் இளையராஜா. ஆக, ஒரு சினிமாப் பாட்டை வீட்டில் உட்கார்ந்து இரண்டு கையால் வாசித்துப் பார்ப்பவர் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதை வெளியே எடுக்கிறார்.

கீபோர்டில் குறுக்கு வழியும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்ஸும் பேஸும் தானாக ஓடும். இடது கையில் ஒரே விரலை வைத்தால் முழுக் கார்டும் வரும். பல வீடுகளில் கற்றல் நின்றுபோவது இந்தப் பொத்தானில்தான். மெஷின் நன்றாக வாசிக்கும்போது மனுஷன் எதற்கு என்று தோன்றிவிடும். மகளும் போனில் அதைத்தான் சொன்னாள்: “அப்பா, அந்த பட்டனைப் போடுங்க, ஈஸியா வரும்.” அவருக்கு அது உபரியாக வந்த பணம் மாதிரி இருந்தது. கணக்கில் இடிக்கும். போடவில்லை.

ஜூலை மாதம் ஒரு நாள் ஹெட்போன் வயர் அறுந்தது. கடைகள் திறந்திருந்தும் அவர் புதிது வாங்கவில்லை. அன்று மாலை அவர் வாசித்தது ஒரு நோட்டுஸ்வரம். 1835இல் மறைந்த முத்துஸ்வாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியங்களில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். சின்னச் சின்ன உருப்படிகள்; எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. பாட்டு கற்கும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவார்கள். சங்கராபரணத்தின் ஸ்வரங்களும் சி மேஜர் ஸ்கேலின் கட்டைகளும் ஒன்றே. மெட்டும் மேற்கிலிருந்து வந்தது. எனவே கார்ட் போட்டால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. அவர் தேர்ந்தெடுத்துத்தான் வாசித்தார். மூன்றாவது வரியில் ஒரு கட்டை தவறியது. சமையலறையிலிருந்து குரல் வந்தது: “அது மா இல்லீங்க. கா.”

அவர் திருத்திக்கொண்டு மறுபடி வாசித்தார். திரும்பவும் அதே இடத்தில் தப்பு. இம்முறை பேச்சாக வரவில்லை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வரி பாட்டாக வந்தது. மேலே போகும் இடத்தில் நின்றுபோனது.

“எட்டலை பாத்தீங்களா? இதுக்குத்தான் நான் வாயே திறக்கறதில்ல.”

“எனக்கு எட்டாத விரலெல்லாம் இருக்கு. நான் வாசிக்கலையா?”

ஆண்பிள்ளைகளின் ஆறுதல்கள் பெரும்பாலும் இந்தத் தரத்தில்தான் இருக்கும். ஆனால் அவரிடம் ஆறுதலைவிடப் பயனுள்ள ஒரு சங்கதி இருந்தது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்றொரு பொத்தான். விரல்கள் அதே சி மேஜரில் இருக்க, ஒலி மட்டும் அரை அரையாக மேலேயோ கீழேயோ நகரும். கர்நாடக சங்கீதக்காரர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வதே ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்துத்தான். ஒன்று என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, ஐந்து ஜி. அந்த அம்மாளுக்குப் பழக்கம் ஐந்து. ஒன்பது வருஷமாக மனதுக்குள் பாடிப் பார்த்ததும் ஐந்தில்தான். அவர் அரை அரையாக இறக்கிக்கொண்டே வந்தார். மூன்று கட்டையில் குரல் உட்கார்ந்தது. பெண் குரலுக்கு மிகவும் தாழ்ந்த சுருதி. “ஆம்பிளை பாடற மாதிரி இருக்கு” என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பஞ்சமம் வரை போய்த் திரும்பியது. சிரிப்பு நின்றது.

தகராறு அதன் பிறகுதான் வந்தது. நோட்டுஸ்வரம் முடிந்து, முழுதாக ஒரு கீர்த்தனை. அவர் உற்சாகமாகக் கார்ட் போட்டார். அந்த அம்மாள் பாதியில் நிறுத்தினார். “நடுவுல ஒண்ணு இடிக்குதுங்க.” எது என்று சொல்லத் தெரியவில்லை. அவருக்குக் கோபம். மூன்று மாதம் உயிரைக் கொடுத்துக் கற்ற கார்ட். புத்தகத்தில் இருக்கிறபடிதான் இருக்கிறது. ஒவ்வொரு விரலாக எடுத்துப் பார்த்தார்கள். சுண்டுவிரல் இருக்கலாம். கட்டைவிரல் இருக்கலாம். நடுவிரலை எடுத்ததும் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

காரணம் கணக்கில் இருக்கிறது. கீபோர்டும் பியானோவும் ஒரு ஸ்தாயியைச் சமமாகப் பன்னிரண்டு பங்காகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பங்கையும் 100 சென்ட் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஸட்ஜத்திலிருந்து கீபோர்டின் காந்தாரம் 400 சென்ட் தொலைவில் இருக்கும். ஆனால் தம்புராவின் ஸட்ஜ நரம்பிலிருந்து தானாகவே எழும் காந்தாரம் கிட்டத்தட்ட 386இல் இருக்கிறது. தம்புராவோடு வளர்ந்த காது அந்த இடத்தைத்தான் தேடும். 14 சென்ட் வித்தியாசம் பேசும்போது அற்பம். காந்தாரத்தில் நின்று பாடும்போது அது உறுத்தல். பஞ்சமத்திலோ கீபோர்டு 700, தம்புரா 702. வெறும் இரண்டு. அதனால்தான் ஸட்ஜமும் பஞ்சமமும் இடிக்கவில்லை. நடுவே இருந்த காந்தாரம் இடித்தது. நடுக்கட்டையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஸ-வும் ப-வும். அதாவது தம்புரா. பிலாஸ்பூரில் விரிசல் விட்டது நாக்பூரில் இடது கையில் கிடைத்தது.

இந்தச் சண்டைக்கு நாட்டில் ஒரு சரித்திரமே உண்டு. இதே சம இடைவெளியும், ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கிப் போக முடியாததும் குறை என்று சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971இல்தான் தடை தளர்ந்தது. அதற்கிடையே எத்தனையோ வீடுகளில், பஜனை மடங்களில், நாடகக் கொட்டகைகளில் ஆர்மோனியம் பாட்டுக்குத் துணையாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இரு தரப்பும் சொன்னது சரிதான். கட்டை வாத்தியத்தால் கமகத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் பாடுகிறவருக்குக் காலூன்ற ஓர் இடம் கொடுக்க முடியும். எப்போது கொடுப்பது, எப்போது ஒதுங்கிக்கொள்வது என்பதுதான் கேள்வி.

அந்த வீட்டில் இப்போது ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. சினிமாப் பாட்டு என்றால் முழுக் கார்ட். கீர்த்தனை என்றால் நடுக்கட்டை கிடையாது. சில ராகங்களுக்குக் கார்டே கிடையாது என்பதை அவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். பாட்டுப் பாடத்தில் முதலில் வரும் மாயாமாளவகௌளையையே எடுத்துக்கொண்டால், ஸட்ஜத்தின் மேல் கட்டுகிற கார்ட் மேஜர். மத்யமத்தின் மேல் கட்டுவது மைனர். பஞ்சமத்தின் மேல் கட்டுவதோ மேஜரும் இல்லை, மைனரும் இல்லை, காலொடிந்த ஒன்று. சங்கராபரணத்தில் மூன்று இடத்திலும் மேஜர்தான். ராகங்களுக்கும் கார்டுகளுக்கும் எங்கே சம்பந்தம் பொருந்தும், எங்கே ஜாதகம் சேராது என்று நோட்டில் ஒரு பட்டியல் வளர்ந்துகொண்டிருக்கிறது. கீரவாணி பொருந்தும், அது மேற்கில் ஹார்மோனிக் மைனர். தோடியின் பக்கம் போக வேண்டாம் என்பது அந்த அம்மாளின் உத்தரவு.

மேல் ஸட்ஜம் மூன்று கட்டையிலும் முழுதாக எட்டுவதில்லை. பாட்டு அங்கே ஏறும்போது அந்த அம்மாள் நிஷாதத்தில் நின்றுகொள்கிறார். வலது கையால் அந்த ஒரு ஸ்வரத்தை அவர் வாசிக்கிறார். பிறகு குரல் சேர்ந்துகொண்டு கீழே இறங்குகிறது. இதை இருவரும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. ஒரு நாள் நடந்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

வீட்டில் உட்கார்ந்து கற்பவருக்கு மேடை இல்லை, தேர்வு இல்லை, எட்டாம் கிரேடு சான்றிதழ் இல்லை. வேகமும் வராது. அந்த வயதில் தொடங்கியவர் கச்சேரி வாசிக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்; முக்கியமாக அவருக்குத் தெரியும். ஆனால் மேடையில் வாசிப்பவருக்கு ஆயிரம் பேர் கேட்கவேண்டும். இவருக்கு ஒருவர் பாடினால் போதும். 37 வருஷம் தான் முன்னால் நடக்க, ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் வந்த வீட்டில், இப்போது அவர் பின்னால் வாசிக்கிறார். இந்தக் கணக்கு நேராகிவிட்டது என்று அவர் சொல்வதில்லை. மாதத் தவணை கட்டுகிறேன் என்கிறார்.

தீபாவளிக்கு வந்த மகள், 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்கித் தருவதாகச் சொன்னாள். கட்டைகளில் கனம் இருக்கும், மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் பலமாகத் தொட்டால் பலமாகவும் ஒலிக்கும் என்று விளக்கினாள். அம்மாவிடம் வேறு கோரிக்கை இருந்தது. பழைய கீபோர்டில் எஃப்-க்கும் ஜி-க்கும் நடுவே இருக்கும் கறுப்புக் கட்டை நடு ஸ்தாயியில் பேசவில்லை. அது பேசாவிட்டால் பிரதிமத்யமம் இல்லை. பிரதிமத்யமம் இல்லாவிட்டால் கல்யாணி இல்லை. சீதாபல்டியில் ரிப்பேர்காரர் ஒருவர் கீபோர்டைத் திறந்து, கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர்ப் பட்டையிலும் சர்க்யூட் பலகையிலும் இருபது வருஷத்துத் தூசியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பத்து நிமிட வேலை. அன்று மாலையே கல்யாணி ஆரம்பமானது. மூன்று கட்டையில், நடுவிரல் இல்லாமல்.